நூலக்கா கோணலாக ஒட்டிய இரண்டு லேபிள்கள்

அந்தப் பேக்கிங் கொட்டகையில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் அவள் நூலக்கா. லேபிள் ஒட்டினால் நூல் பிடித்தாற்போல நேராக நிற்கும். ஆறு வருடமாக அதே ஜன்னல் ஓரம், அதே கால் ஆடும் நாற்காலி. பெல்ட்டில் வரும் வெள்ளைப் பாட்டிலை இடது கையால் எடுப்பாள். சுருளிலிருந்து லேபிளை வலது கையால் உரித்து, ஓரத்தை வைத்து, கட்டைவிரலால் ஒரு சுற்று தடவுவாள். அவ்வளவுதான், அடுத்த பாட்டில்.

பாட்டிலுக்குள் இருந்தது தூக்கத்துக்கான மூலிகை மாத்திரை. பச்சை நிறக் காப்ஸ்யூல். ஏதோ வேர், ஏதோ பூ, காயவைத்துப் பொடித்து அடைத்தது. அடைக்கிற வேலை பக்கத்துக் கட்டடத்தில். இங்கே ஏழு பெண்கள் மூடி போட்டு, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். பாட்டிலைச் சுற்றி வரும் லேபிளின் முன்பக்கம் ஒரு நிலாப் படமும் பெரிய எழுத்தில் மாத்திரையின் பெயரும் இருக்கும். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து. நூலக்கா ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி எதையும் வாசித்துவிடுவாள். ஆனால் அந்தப் பொடி எழுத்தை ஒரு நாளும் வாசித்ததில்லை. அவள் கண்ணுக்கு அது எழுத்தே இல்லை, வெறும் கோடு. கடைசி வரி பாட்டிலின் அடி விளிம்போடு ஒத்துப் போகிறதா என்று மட்டும் பார்ப்பாள். ஒத்துப் போனால் மனசுக்குள் கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

கோணலாக ஒட்டிய பாட்டில் கடைக்குப் போகாது. அதற்கென்று நீலத் தட்டு ஒன்று உண்டு. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவரவர் கோணல் அவரவருக்கு, ஆளுக்கு இரண்டு வரைக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரே நிபந்தனை, லேபிளை உரித்துவிட வேண்டும். லேபிளோடு போனால் யாராவது கடையில் விற்றுவிடுவார்கள் என்று சூப்பர்வைசருக்குப் பயம். அதனால் ஏழு பெண்களின் வீட்டிலும் பேரில்லாத, ஊரில்லாத வெள்ளைப் பாட்டில்கள் இருந்தன. உரித்த லேபிள்களை அவர்கள் தங்கள் ஏப்ரனிலேயே ஒட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் எழுந்து நின்றால் ஒவ்வொருத்தியும் நோட்டீஸ் ஒட்டிய சுவர் மாதிரி இருப்பாள்.

நூலக்காவின் ஏப்ரன் மட்டும் சுத்தமாக இருக்கும். ஆறு வருடத்தில் அவள் பங்குக்கு ஒரு பாட்டில்கூட நீலத் தட்டில் விழுந்ததில்லை.

"உனக்கு வேணும்னா கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டு ஒட்டேன்க்கா. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு" என்று மூடி போடுகிறவள் சீண்டுவாள்.

"எனக்குப் படுத்தா தூக்கம் வருது. எனக்கெதுக்குடி?" என்பாள் நூலக்கா.

அது உண்மைதான். தூக்கம் வராதது அவளுடைய அண்ணிக்கு.

அண்ணி என்றால் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டு முன் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். ஐம்பத்தெட்டு வயது. வாய் மட்டும் இருபது வயது. மூன்று மாதத்துக்கு முன் முதுகில் அக்கி கண்டது. கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் போகவில்லை. நரம்பு வலி என்று சொல்லி டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வலி பாதி குறைந்தது. தூக்கம் வரவில்லை.

"மகராசி, நீ தலையணையில தலை வைக்கிறதுக்கு முந்தியே குறட்டை விடுற. அதுல கொஞ்சம் எனக்குக் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்று காலையில் காப்பித் தம்ளரோடு ஆரம்பிப்பார். "ஊரையே தூங்க வைக்கிற கம்பெனியில வேலை பாக்கிற. ஒத்த அண்ணிக்கு வழியில்ல."

கேலியாகத்தான் சொல்வார். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கியது. ஒரு நாள் மெஷினில் துணிக்குப் பதில் விரலை விட்டுக்கொண்டார். ரத்தம் சொட்டிய அந்த விரலைப் பார்த்த பிறகு நூலக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே இரண்டு லேபிள்களைச் சாய்த்து ஒட்டினாள். ஒட்டும்போது கை கூசியது. கொட்டகையே சிரித்தது.

"அடடா, நூலு அறுந்து போச்சு!" என்றாள் மூடிக்காரி.

"கண்ணு மங்குது போல" என்று பொய் சொன்னாள் நூலக்கா. அது இரண்டாவது தப்பு. உரித்த லேபிள்களை ஏப்ரனில் ஒட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. யாரும் பார்க்காதபடி வேலைப் பையின் உள்பக்கம், போன் வைக்கிற இடத்துக்கு மேலே, அந்த இரண்டையும் ஒட்டிவிட்டு மறந்துபோனாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டிலை அண்ணியின் கையில் வைத்தாள். மற்றதை அலமாரியில் போட்டாள்.

"எத்தனை போடணும்?" என்று அண்ணி கேட்டார்.

"ஒன்னு போடுங்கண்ணி."

"கேக்கலைன்னா?"

"வெறும் வேரும் பூவும்தானே. ரெண்டு போட்டாலும் ஒன்னும் பண்ணாது."

பிறகு எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தைத் திரும்ப வாய்க்குள் தள்ளிவிட முடியாதா என்று தவித்தாள். கொட்டகையில் எல்லாரும் சொல்கிற வாக்கியம் அது. சொல்லிச் சொல்லிப் பழகியது. டாக்டர் கொடுத்த மாத்திரையை அப்போது அவளும் நினைக்கவில்லை, அண்ணியும் நினைக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அண்ணி கொஞ்சம் தூங்கினார். வீட்டுக்கே நல்ல காலம் வந்தது போல இருந்தது. குழம்பில் உப்பு கூடியதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலையில் கொஞ்சம் தள்ளாடினார். "நல்லாத் தூங்கின அசதி" என்று அவரே சொன்னார். நூலக்காவும் நம்பினாள்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. நன்றாக விடிந்து ஜன்னல் வழியே வெயில் தையல் மெஷின் மேல் விழுந்திருந்தது. காப்பியோடு போன நூலக்கா, "அண்ணி" என்றாள். பதில் இல்லை. அண்ணி மல்லாந்து படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. தொண்டைக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் வந்தது. அப்புறம் நின்றது. நூலக்கா அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வந்தது, ஆனால் ரொம்ப நேரம் கழித்து.

"அண்ணி! அண்ணி, எந்திரிங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. இமை பாதி திறந்து வெள்ளை விழி தெரிந்து மறுபடி மூடிக்கொண்டது. காப்பித் தம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னங்க! இங்க வாங்க, சீக்கிரம்!"

வீட்டுக்காரர் மரக்கடையில் பலகை ஏற்றி இறக்குகிறவர். எதற்கும் பதறாத ஆள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். எதிர் வீட்டுக்காரர் காரை எடுத்தார். இருவரும் அண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது நூலக்கா மட்டும் ஒரு நொடி பின்தங்கினாள். தலைமாட்டில் வெள்ளைப் பாட்டில் இருந்தது. அதை எடுத்து வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக எடுத்தாளா, யார் கண்ணிலும் படாமல் மறைப்பதற்காக எடுத்தாளா? கடவுளிடம் பொய் சொல்ல முடியாது. மறைப்பதற்காகத்தான்.

அவசரப் பிரிவில் அண்ணியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். திரைச்சீலையின் இடுக்கு வழியாக ஒரு கால் மட்டும் தெரிந்தது. நர்ஸ் ஒருத்தி அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"ராத்திரி என்ன மருந்து சாப்பிட்டாங்க?"

வீட்டுக்காரர் டாக்டர் சீட்டை நீட்டினார். "நரம்பு வலிக்கு இந்த ஒரு மாத்திரைதாங்க."

"எத்தனை?"

"ஒன்னுதான். நான்தான் தினம் எடுத்துக் குடுக்கிறேன்."

"வேற ஏதாவது? தூக்க மாத்திரை, இருமல் மருந்து, நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லுங்க."

"வேற ஒன்னுமே இல்லீங்க" என்றார் அவர்.

அவருக்கு நிஜமாகவே தெரியாது. பெண்கள் இரண்டு பேரும் அவரிடம் சொல்லவில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டு திரும்பினாள். நூலக்காவின் பை மடியில் இருந்தது. பாட்டிலின் வட்டம் துணி வழியாகத் தொடையில் அழுத்தியது. சொன்னால் வேலை போய்விடும். வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் வரும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேரில்லாத பாட்டில். குப்பைத் தொட்டி நாலடி தள்ளித்தான் இருந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு மெஷின் விட்டு விட்டுக் கத்தியது. "அம்மா, கண்ணைத் தொறங்க, இங்க பாருங்க!" என்று யாரோ அண்ணியின் கன்னத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

நர்ஸ் திரையைத் தொட்டுவிட்டாள்.

"சிஸ்டர்!"

குரல் கீச்சென்று வந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்... நான்தான் ஒன்னு குடுத்தேன்." பாட்டிலை எடுத்து நீட்டினாள். உள்ளே காப்ஸ்யூல்கள் கலகலவென்று சத்தம் போட்டன.

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு பக்கமும் வெள்ளை.

"என்ன இது?"

"தூக்கத்துக்கு... மூலிகை மாத்திரைங்க."

"உள்ள என்ன மூலிகை?"

"தெரியலீங்க."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கலீங்க. நான் வேலை பாக்கிற எடத்துல... நான்தான் அதுக்கு லேபிள் ஒட்டுறேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் ஒட்டுறீங்களா? ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார். நூலக்காவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"எத்தனை இருந்துச்சு இதுல?"

"முப்பது. சனிக்கிழமை ராத்திரியிலருந்து போடுறாங்க."

நர்ஸ் ஒரு தட்டில் கொட்டி எண்ணினாள். இருபத்தொன்று. ஐந்து ராத்திரியில் ஒன்பது. நூலக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலு நாள் ஒவ்வொன்று என்றால் நேற்று ராத்திரி ஐந்தா? ஐந்தையும் ஒரேயடியாகவா விழுங்கினார்? ரெண்டு போட்டாலும் ஒன்னும் பண்ணாது. யார் சொன்னது? அவள்தான்.

"என்ன இருக்குன்னு தெரிஞ்சே ஆகணும்மா. கம்பெனிக்குப் போன் போடுங்க" என்றார் டாக்டரம்மா.

பையில் கையை விட்டுப் போனை எடுத்தாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள்.

"அய்யய்யோ" என்றார் சூப்பர்வைசர். "இதப் பாரும்மா, அது வெறும் இலை தழை. அதனால ஒன்னும் ஆகியிருக்காது. நீ பாட்டுக்கு நம்ம பேரை அங்க இழுத்து விட்டுடாத."

"லேபிள்ல என்ன போட்டிருக்குன்னு மட்டும் படிங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் இன்னும் கிளம்பவே இல்ல. போய்ப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்." போன் அடங்கிப்போனது.

நூலக்கா போனைப் பையில் வைக்கப் போனாள். கண்ணை நீர் மறைத்தது. வைக்கிற இடத்தைக் கையால் தடவித் தேடினாள். துணி சொரசொரப்பாக இருந்தது. சட்டென்று ஓர் இடத்தில் வழவழப்பு. ஆறு வருடம் பழகிய கட்டைவிரல் அது. என்னவென்று மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

பையை அப்படியே உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டி டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதோ! இதோ இருக்குங்க!"

இரண்டு லேபிள்கள், இரண்டும் கோணல். டாக்டரம்மா பையைக் கையில் வாங்கி, தலையைச் சாய்த்து, பொடி எழுத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க நெற்றி சுருங்கியது.

"இந்த வேரு மூளையை மந்தமாக்குறது. இவங்களுக்குக் குடுத்திருக்கிற நரம்பு மாத்திரையும் அதே வேலையத்தான் செய்யும். ரெண்டும் சேர்ந்தா மூச்சே கொறைஞ்சு போகும்" என்று நர்ஸிடமும் அவளிடமும் பாதிப் பாதியாகச் சொன்னார். "இதுலயே போட்டிருக்கு பாருங்க. தூக்கம் வர வைக்கிற வேற மருந்தோட சேர்க்கக் கூடாதுன்னு." பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் காத்திருப்பதுதான். அது போல நீளமான பகலை நூலக்கா பார்த்ததில்லை. வீட்டுக்காரர் பெஞ்சின் அந்தக் கோடியில், அவள் இந்தக் கோடியில். நடுவில் நாலு பேர் உட்காரலாம். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவள் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். கடவுளே, என் வேலையை எடுத்துக்கோ, என் தூக்கத்தை எடுத்துக்கோ, அவங்க வாயை மட்டும் பழையபடி பேச வை என்று உதடு அசையாமல் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

வேண்டி ஓய்ந்தபோது மடியில் இருந்த பையைப் பார்த்தாள். முதல் தடவையாக வாசித்தாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து. ராத்திரி ஒன்றுக்கு மேல் வேண்டாம். போட்ட பிறகு வண்டி ஓட்டக் கூடாது, மெஷினில் வேலை செய்யக் கூடாது. மதுவோடு சேரக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் சாப்பிடக் கூடாது. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். வேறு எந்த மருந்து சாப்பிடுகிறவரானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். எல்லாமே இருந்தது. ஆறு வருடமாக அவள் கையாலேயே தடவித் தடவி ஒட்டியது. அவள் வீட்டுக்கு வந்த பாட்டிலில் மட்டும் அது இல்லை. அதையும் அவள் கையேதான் உரித்தது.

மத்தியானம் இரண்டரை மணிக்கு நர்ஸ் வந்து, "கண்ணைத் தொறந்துட்டாங்க" என்றாள்.

மூக்கில் குழாய், கையில் ஊசி. அண்ணி சின்னப் பிள்ளை மாதிரி கட்டிலுக்குள் புதைந்து கிடந்தார். தம்பியைப் பார்த்தார். அப்புறம் நூலக்காவைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது.

"என்னடி மகராசி அப்படி மொறைக்கிற? நான் என்ன லேபிள் ஒட்டாத பாட்டிலா?"

நூலக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

"ஏன்க்கா, நேத்து எத்தனை போட்ட?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவள் பாட்டிலை நீட்டிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"மூணு" என்றார் அண்ணி. "ரெண்டு நாள் ஒவ்வொன்னு, அப்புறம் ரெண்டு நாள் ரெண்டு ரெண்டு. இருமல் வேற வந்துச்சா, பழைய மருந்து கெடந்துச்சு, அதையும் ஒரு மூடி குடிச்சேன். வெறும் வேருதானேன்னு..." நூலக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி விடு. என் பேராசைக்கு நீ என்ன பண்ணுவ?"

வெளியே வந்தபோது டாக்டரம்மா சொன்னார். "நீங்க அப்பவே சொன்னதால நேரம் வீணாகல. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது." பாராட்டாகத்தான் சொன்னார். நூலக்காவுக்குக் குப்பைத் தொட்டி ஞாபகம் வந்தது.

மறுநாள் அண்ணியின் பக்கத்தில் தம்பி இருந்தார். நூலக்கா கொட்டகைக்குப் போனாள். வாசலிலேயே சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"பொழைச்சுட்டாங்களா? நல்லதாப் போச்சு. கடவுள் காப்பாத்தினாரு. உள்ள யாருகிட்டயும் ஒன்னும் பேசிக்க வேணாம், என்ன?"

"சரிங்க சார்" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பழக்கம். ஆனால் சத்தம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பெல்ட் ஓட ஆரம்பித்தது. முதல் பாட்டில் வந்தது. லேபிளை உரித்தாள். ஒட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்தாள்.

"என்னக்கா, பரீட்சையா?" என்று சிரித்தாள் மூடிக்காரி.

நூலக்கா சிரிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். "போட்ட... பிறகு... வண்டி... ஓட்டக்... கூடாது."

மூடிக்காரியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். ராத்திரி ஓட்டம் முடிந்து காலையில் வந்து படுக்கும்போது இரண்டு போடுவான். மத்தியானம் மறுபடி வண்டி எடுப்பான்.

"கர்ப்பிணிகள்..." என்று நூலக்கா வாசித்தாள்.

கோடியில் பெட்டி அடுக்குகிறவள் கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டாள். "எம் மருமக" என்றாள். "ஏழு மாசம். தூக்கமே வரலைன்னு... நேத்துகூட நான்தான்..."

ஒருத்தி ஏப்ரனில் தலைகீழாக ஒட்டியிருந்த பழைய லேபிளைக் கழுத்தை வளைத்து வாசிக்கப் பார்த்தாள். இன்னொருத்தி பையை உதறிப் போனைத் தேடினாள். கண்ணாடி அறைக்குள் இருந்து சூப்பர்வைசர் எழுந்து நின்றார்.

நூலக்கா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். சத்தத்தைக் குறைக்கவில்லை. பெல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் வெள்ளைப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மூடியில்லாமல், லேபிள் இல்லாமல், பெண்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.